பிரெவே ஓட்ட விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஞாயிறு காலைகளில் டீக்கடை வாசலில் கூடிப் புறப்படும் சைக்கிள் குழுக்களில், ‘பிரெவே’ எனப்படும் நீண்டதூர ஓட்டத்தைப் பற்றிப் புதியவர்கள் கேட்கும் ஐயங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதே இல்லை. ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாக எழுதிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் தொகுத்துவைப்பது மேல் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன்.

பிரெவே என்பது சைக்கிள் பந்தயம்தானே? முதல் பரிசு என்ன?

பரிசும் இல்லை, முதலிடமும் இல்லை. குறிப்பிட்ட பாதையில், குறிப்பிட்ட நேரத்துக்குள், வண்டி ஏதும் பின்தொடராமல் தன் பொறுப்பிலேயே ஓட்டி முடிப்பதுதான் பிரெவே. தொலைவுகள் 200, 300, 400, 600, 1000 கி.மீ. என்று போகும். 200 கி.மீ. தொலைவை எட்டு மணி நேரத்தில் முடித்தவருக்கும், பதின்மூன்றரை மணி நேரம் முடியும் தறுவாயில் வந்து சேர்ந்தவருக்கும் கிடைக்கும் சான்று ஒன்றேதான். பதக்கம் வேண்டுமென்றால் அதற்கும் நாமே பணம் கட்டி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்த ஓட்டங்களுக்கு உலகளவில் விதிகளை வகுத்து, முடித்தவர்களின் பெயர்களைப் பதிந்து எண் வழங்குவது பிரான்சிலுள்ள ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்னும் அமைப்பு. இந்தியாவில் அதன் வழியில் இவற்றை ஒருங்கிணைப்பது ஆடாக்ஸ் இந்தியா ராண்டோனர்ஸ். அதில் இணைந்த அந்தந்த ஊர்க் கிளப்புகள் களத்தில் நடத்துகின்றன. பருவம் நவம்பர் 1ஆம் தேதி தொடங்கி அடுத்த அக்டோபர் 31 வரை நீடிக்கும்.

பந்தயம் இல்லையென்றால் ஏன் எல்லோரும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்?

நேர வரம்பு உண்டு. 200 கி.மீ. தொலைவுக்கு 13 மணி 30 நிமிடம், 300க்கு 20 மணி, 400க்கு 27 மணி, 600க்கு 40 மணி, 1000க்கு 75 மணி. 600 வரையிலான வரம்புகள் மணிக்குச் சுமார் 15 கி.மீ. என்ற கணக்கில் அமைந்தவை. சாப்பாடு, பஞ்சர், தூக்கம், வழி தவறுதல், ரயில்வே கேட் எல்லாம் இதற்குள் அடக்கம். பாதை உண்மையில் 204 கி.மீ. இருந்தாலும் கூடுதல் நேரம் கிடையாது. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் மிதிப்பவர் 200 கி.மீ. தொலைவைப் பத்து மணி நேரத்தில் கடந்துவிடுவார். மீதமிருக்கும் மூன்றரை மணி நேரம்தான் அவருடைய கையிருப்பு. அதை எங்கே செலவிடுகிறோம் என்பதில்தான் பிரெவேயின் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. மெதுவாக மிதித்ததால் தோற்றவர்களைவிட, நின்ற இடத்தில் அரட்டையடித்தே நேரத்தைத் தொலைத்தவர்கள்தாம் அதிகம்.

பலர் கவனிக்காத இன்னொரு விதி, கீழ் வரம்பைப் போலவே மேல் வரம்பும் உண்டு என்பது. வழியிலுள்ள சோதனை மையங்கள், முதல் 200 கி.மீ. தொலைவுக்கு மணிக்கு 34 கி.மீ. என்ற கணக்குப்படிதான் திறக்கப்படும். ஆகவே 200 கி.மீ. ஓட்டத்தின் முடிவிடம், புறப்பட்டு 5 மணி 53 நிமிடம் ஆன பிறகே திறக்கும். அதற்கு முன்பு வந்து சேர்பவர் கதவு திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். வேகத்துக்குச் சட்டமே தடை போட்டிருக்கும் சைக்கிள் விளையாட்டு வேறு ஏதேனும் இருக்கிறதா என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.

இதையெல்லாம் யார் தொடங்கியது? ஏன் எல்லாமே பிரெஞ்சுப் பெயராக இருக்கிறது?

1897இல் இத்தாலியில் சில சைக்கிளோட்டிகள் ரோமிலிருந்து நேப்பிள்ஸ் வரை சுமார் 230 கி.மீ. தொலைவைப் பகற்பொழுதுக்குள் கடந்து காட்டினார்கள். அந்த எண்ணத்தை 1904இல் பிரான்சுக்குக் கொண்டுவந்தவர் ஆன்ரி தெகிராஞ்ச். அதற்கு முந்தைய ஆண்டு டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய அதே பத்திரிகை ஆசிரியர். ஓட்டத்தலைவர் ஒருவரின் வேகத்துக்கு எல்லோரும் கூட்டமாகச் செல்ல வேண்டும் என்பது அவர் முறை. அந்த முதல் ஓட்டங்களில் பங்கேற்றவர்கள் சேர்ந்து உருவாக்கியதே ஆடாக்ஸ் கிளப் பாரிசியன். 1921இல் இரு தரப்புக்கும் மனக்கசப்பு முற்றி, தெகிராஞ்ச் தமது முறையைப் பயன்படுத்தக் கிளப்புக்கு அளித்திருந்த உரிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கிளப் அசரவில்லை, அவரவர் வேகத்தில் ஓட்டும் புதிய முறையை அதே ஆண்டிலேயே வகுத்தது. இன்று நாம் ஓட்டுவது அந்தப் பிணக்கில் பிறந்த பிரெவேயைத்தான்.

இவற்றுக்கெல்லாம் மூத்தது பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ். 1891இல் அது அசல் பந்தயமாகவே தொடங்கியது. சார்ல் தெரோன் ஏறத்தாழ 72 மணி நேரம் தூங்காமல் ஓட்டி வென்றார். பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்துவந்த அந்த ஓட்டத்தில் 1931 முதல் எங்களைப் போன்ற சாதாரண ஓட்டிகளுக்கும் தனியாக இடம் தரப்பட்டது. தொழில்முறை வீரர்கள் கடைசியாக ஓடியது 1951இல். அதன் பிறகு பந்தயத்துக்குப் போதிய ஆட்கள் சேரவில்லை. பந்தயம் அல்லாத ஓட்டமோ இன்றுவரை ஆயிரக்கணக்கானோரை ஈர்த்துக்கொண்டிருக்கிறது.

என்னிடம் இருப்பது கியர் இல்லாத சாதாரண சைக்கிள். உள்ளே விடுவார்களா?

விடுவார்கள். மனித ஆற்றலால் மட்டுமே இயங்க வேண்டும், அகலம் ஒரு மீட்டரைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். இருவர் மிதிக்கும் சைக்கிள், சாய்ந்துகொண்டு ஓட்டும் சைக்கிள், முச்சக்கர சைக்கிள் எல்லாவற்றுக்கும் இடமுண்டு. மோட்டார் பொருத்திய மின்சைக்கிளுக்கு மட்டும் இடமில்லை.

முடியுமா என்று கேட்டால், சமதளப் பாதையில் கியர் இல்லாமலும் முடியும். ஆனால் புதிதாக வாங்குவதாக இருந்தால், ஒரு லட்சம் ரூபாய்க்குக் கார்பன் சட்டகம் தேடுவதை விட்டுவிட்டு, உங்கள் உயரத்துக்குப் பொருந்தும் அளவில், 28 முதல் 32 மி.மீ. வரை டயர் ஏற்கும் ஓர் எளிய ரோடு பைக்கையோ ஹைபிரிட்டையோ பாருங்கள். இருக்கை உயரத்தையும் கைப்பிடி தூரத்தையும் தெரிந்தவர் ஒருவரிடம் சரிசெய்துகொள்ளுங்கள். எட்டாவது மணி நேரத்தில் முழங்காலும் கழுத்தும் பேசத் தொடங்கும்போது, சட்டகம் எதனால் ஆனது என்பது யாருக்கும் நினைவிருக்காது. குழுவில் யாராவது உங்கள் சைக்கிளின் விலையைக் கேட்டு முகம் சுளித்தால், அவர் எத்தனை பிரெவே முடித்தார் என்று திருப்பிக் கேட்கலாம். பெரும்பாலும் பேச்சு அதோடு நின்றுவிடும்.

நான் 40 கி.மீ.க்கு மேல் ஓட்டியதே இல்லை. 200 ஓட்ட எவ்வளவு நாள் பயிற்சி வேண்டும்?

உடல்நலக் குறை ஏதும் இல்லாத ஒருவர், வார நாட்களில் இரண்டு மூன்று முறை ஒரு மணி நேரமும் வார இறுதியில் ஒரு நீண்ட ஓட்டமுமாகப் பழகினால், மூன்று மாதத்தில் தயாராகிவிடலாம். வார இறுதி ஓட்டத்தை 50, 60, 75, 90 என்று படிப்படியாக உயர்த்தி, ஒருமுறையாவது 120 முதல் 140 வரை சென்று பாருங்கள். முழு 200 கி.மீ. தொலைவையும் முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கத் தேவையில்லை. நாற்பது வயதைக் கடந்தவர்களும், இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்களும் தொடங்குவதற்கு முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்; இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வேகத்தைவிட, சைக்கிள் மேலேயே இருக்கப் பழகுவது முக்கியம். 50 கி.மீ.க்கு ஒருமுறை இறங்கி அரை மணி நேரம் உட்காரும் பழக்கம் ஞாயிறு ஓட்டத்தில் இனிமையானது. பிரெவேயில் அது முன்பு சொன்ன மூன்றரை மணி நேரக் கையிருப்பில் ஒன்றரை மணி நேரத்தைத் தின்றுவிடும்.

குழுவாகப் போகும்போது எல்லோரும் கையை ஆட்டி ஏதேதோ காட்டுகிறார்களே?

முன்னால் செல்பவர் கண்ணுக்குத் தெரியும் பள்ளம் அவருக்குப் பின்னால் வருபவருக்குத் தெரியாது. ஆகவே பள்ளம், மணல், கண்ணாடிச் சில்லு இருக்கும் பக்கம் கையை நீட்டிக் காட்டுவதும், வேகத்தடையைக் குரல் கொடுத்துச் சொல்வதும், பின்னால் லாரி வந்தால் கடைசியில் வருபவர் கூவுவதும் வழக்கம். நின்றுவிடப் போகிறவர் உள்ளங்கையைப் பின்புறமாக விரித்துக் காட்டுவார். உங்கள் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழு ஓட்டங்களில் விழுபவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தால்தான் விழுகிறார்கள். ஒருவர் பின்னால் ஒருவர் காற்று மறைவில் செல்வது பிரெவே விதிப்படி தவறன்று. ஆனால் அறிமுகமில்லாத ஒருவரின் பின்னால் முப்பது கி.மீ. ஒட்டிக்கொண்டே வந்துவிட்டு, ஒருமுறைகூட முன்னால் சென்று காற்றை வாங்காமல் இருப்பது நாகரிகம் அன்று.

கார்டு, கன்ட்ரோல் என்கிறார்கள். நடைமுறையில் என்ன செய்ய வேண்டும்?

தொடக்கத்தில் உங்கள் விளக்குகளையும், ஒளி பிரதிபலிக்கும் மேல்சட்டையையும், தலைக்கவசத்தையும் பார்த்துவிட்டு ஒரு பிரெவே கார்டைக் கையில் கொடுப்பார்கள். பாதையில் உள்ள சோதனை மையங்களுக்குக் கன்ட்ரோல் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் கார்டில் அச்சாகியிருக்கும். தன்னார்வலர் இருந்தால் முத்திரையிட்டு நேரத்தை எழுதிக் கொடுப்பார். ஆள் இல்லாத இடங்களில், அந்த ஊர் ஏ.டி.எம். சீட்டு, பெட்ரோல் பங்க் பில், கடை ரசீது போன்ற நேரம் அச்சான ஏதாவது ஒன்று சான்றாகும். சில இடங்களில் மைல்கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்பது போன்ற ஒரு கேள்வி மட்டும் இருக்கும். முன்கூட்டி அறிவிக்காத ரகசியக் கன்ட்ரோலும் உண்டு.

கார்டைப் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். வியர்வையில் ஊறிக் கூழான கார்டோடு முடிவிடத்தில் நிற்பது பரிதாபமான காட்சி. கார்டு தொலைந்தால் ஓட்டமும் தொலைந்ததாகவே கொள்ள வேண்டியிருக்கும்.

என் வீட்டுக்காரர் காரில் பின்னாலேயே வருகிறேன் என்கிறார். வரலாமா?

வரக் கூடாது. உதவி வண்டி கன்ட்ரோல்களில் மட்டும் உங்களைச் சந்திக்கலாம்; இடைப்பட்ட சாலையில் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தாலும் விதிமீறல்தான், தகுதிநீக்கம் வரை போகலாம். கடையில் வாங்குவதற்கோ, வழியில் ஒரு வீட்டுத் திண்ணையில் தண்ணீர் கேட்பதற்கோ, சக ஓட்டியிடம் டியூப் கடன் வாங்குவதற்கோ தடையில்லை. அந்தச் சாலையில் போகும் எவருக்கும் கிடைக்கக்கூடிய உதவி உங்களுக்கும் கிடைக்கலாம். உங்களுக்கென்று ஏற்பாடு செய்த உதவிதான் கூடாது.

கடுமையான விதியாகத் தோன்றும். ஆனால் பிரெவே சமூகம் என்று ஒன்று உருவானதற்கே இந்த விதிதான் காரணம் என்பது என் கருத்து. ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு கார் வந்திருந்தால், நள்ளிரவில் டியூப் மாற்றிக்கொண்டிருப்பவர் அருகில் நின்று விளக்குப் பிடிக்க யாருக்கும் தேவை வந்திருக்காது.

என்ன சாப்பிடுவது? ஜெல் வாங்க வேண்டுமா?

பசிக்கும் முன் உண், தாகம் எடுக்கும் முன் குடி. இதைச் சொன்னவர் வெலோசியோ என்ற பெயரில் எழுதிய பால் தெ விவீ (1853–1930). பிரான்சின் சேந்த் எத்தியேன் நகரில் இருந்துகொண்டு, பந்தய உலகமே ஏளனம் செய்த காலத்தில், சைக்கிளுக்குக் கியர் வேண்டும் என்று வாதாடியவர் அவர். நிறுத்தங்கள் குறைவாகவும் சிறியனவாகவும் இருக்கட்டும், தொடக்க மணி நேரங்களில் வலிமையை விரயம் செய்யாதே, வீம்புக்காக மிதிக்காதே என்பனவும் அவருடைய அறிவுரைகள். நூறாண்டு கழித்தும் அவற்றில் மாற்ற வேண்டியது எதுவும் இல்லை. இறைச்சியைத் தவிர்க்கச் சொன்னதை மட்டும் பிரியாணிக்காரர்கள் காதில் வாங்குவதில்லை.

பாக்கெட்டில் வரும் ஆற்றல் கூழான ஜெல் தேவையில்லை. நம் சாலைகளில் இட்லி, வாழைப்பழம், கடலை மிட்டாய், பேரீச்சை, இளநீர், மோர் எல்லாம் கிடைக்கின்றன. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாக உண்பதுதான் முறை. முழுச் சாப்பாட்டை ஒரு கட்டுக் கட்டிவிட்டு வெயிலில் ஏறினால் அடுத்த இருபது கி.மீ. வயிறு ஒத்துழைக்காது. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போவதும் ஆபத்து. வியர்வையில் உப்பு வெளியேறுகிறது. அதை ஈடுசெய்யாமல் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைவலியும் குமட்டலும் தொடங்கி மயக்கம் வரை கொண்டுபோகும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் நான்கைந்தைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும்.

சாலையோரம் பஞ்சர் கடை இருக்கும்போது நான் ஏன் பம்ப்பைச் சுமக்க வேண்டும்?

அந்தக் கடைகள் லாரிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் உரியவை. ரோடு பைக்குகளில் பெரும்பாலும் இருப்பது பிரெஸ்டா எனப்படும் மெல்லிய வால்வு. கடைக்காரரின் காற்றுக் குழாய் அதில் பொருந்தாது. சிறிய பித்தளை அடாப்டர் ஒன்று இருந்தால் பொருந்தும், அதுவும் பையில் இருக்கட்டும். ஆனாலும் லாரி டயருக்கான கம்ப்ரசரில் காற்றடிக்கும்போது கவனம் தேவை; ஒரு நொடி கூடினாலும் டியூப் வெடித்துவிடும்.

இரண்டு டியூப், டயர் நெம்பி, ஒட்டுப்போடும் பொருட்கள், கைப்பம்ப், மல்டிடூல், செயின் இணைப்பு ஒன்று ஆகியவை குறைந்தபட்சத் தேவை. டியூப் மாற்றும் முன் டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்துத் தேடுங்கள். நம் நெடுஞ்சாலை ஓரங்களில் பஞ்சருக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு: சீமைக் கருவேல முள், வெடித்த லாரி டயரிலிருந்து சிதறிய மயிரிழைக் கம்பி. இரண்டாவது கண்ணுக்கே தெரியாது. அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் ஐந்து கி.மீ.க்குள் மீண்டும் இறங்க வேண்டியிருக்கும்.

நம் ஊர் வெயிலில் இது சாத்தியமா? காற்று வேறு எதிர்த்து அடிக்கிறதே?

நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான ஓட்டங்களோடு தொடங்குங்கள். அக்னி நட்சத்திரத்தில் முதல் பிரெவேயை வைத்துக்கொள்ள வேண்டாம். காலை ஐந்து ஆறு மணிக்கெல்லாம் புறப்படுவதால் பதினொரு மணிக்குள் பாதித் தொலைவை முடித்துவிட்டு, உச்சிவெயிலில் நிதானமாகப் போகலாம். கைகளையும் பிடரியையும் மூடும் வெள்ளைத் துணியை நனைத்துப் போட்டுக்கொள்வது, எந்த விலையுயர்ந்த கிரீமைவிடவும் பயன் தரும்.

காற்று வெயிலைவிடப் பொல்லாதது, ஆனால் திசை தெரிந்த பகைவன். ஆனி, ஆடி மாதங்களில் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் நோக்கிச் சென்றால், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று முப்பந்தலில் முகத்தில் அறையும். காற்றாலைகள் அங்கே சும்மா நிற்கவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் கிழக்கே உள்ள பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பகுதிகளிலும் அதே கதைதான். கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ மார்கழியில் வாடைக்காற்று சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு உங்களைத் தள்ளிக்கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பும்போது வட்டியோடு வசூலித்துவிடும். போகும்போது வேகம் கூடியதைத் தன் திறமை என்று எண்ணியவர்கள் மரக்காணத்தைக் கடக்கும் முன்பே உண்மையை உணர்வார்கள்.

இரவெல்லாம் ஓட்ட வேண்டுமாமே. தூக்கம் வந்தால் என்ன செய்வது?

200இல் அந்தப் பேச்சே இல்லை. 300 நள்ளிரவைத் தொடும். 400இல் ஒரு முழு இரவு உண்டு. 600இல் பலர் முதல் நாள் 350 கி.மீ. வரை சென்று, மூன்று நான்கு மணி நேரம் விடுதியறையில் படுத்துவிட்டு மீண்டும் கிளம்புவார்கள். திட்டமிட்ட தூக்கத்துக்கு முன் வரும் மயக்கத்துக்கு மருந்து, நின்று பதினைந்து இருபது நிமிடம் கண்ணயர்வதுதான். பேருந்து நிழற்குடை, பெட்ரோல் பங்க் திண்ணை, ஏ.டி.எம். அறை எல்லாம் இந்திய பிரெவே ஓட்டிகளின் படுக்கையறைகள். காவலாளி இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் படுங்கள். டீயைக் குடித்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓட்டுவது வேண்டாம். விடியலுக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில், தூக்கத்தில் ஓட்டுபவர் நீங்கள் மட்டும் அல்லர். எதிரே வரும் லாரி ஓட்டுநரும் அப்படியே இருக்கலாம்.

முன்விளக்கும் பின்விளக்கும் சைக்கிளிலேயே பொருத்தப்பட்டு, இருட்டில் எப்போதும் எரிய வேண்டும். ஒளி பிரதிபலிக்கும் மேல்சட்டையும் கட்டாயம். மாற்றுப் பின்விளக்கு ஒன்றும் இருக்கட்டும், ஏனெனில் அது அணைந்தது ஓட்டுபவருக்குத் தெரியாது. நாய் துரத்தினால் வேகமெடுக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நான்கடி நடந்தால் பெரும்பாலான நாய்கள் ஆர்வம் இழந்துவிடும்.

நான் ஒரு பெண். தனியாக வந்தால் சரியாக இருக்குமா?

விதிகளில் ஆண், பெண் வேறுபாடு எதுவும் இல்லை. நேரமும் ஒன்றே, சான்றும் ஒன்றே. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாகப் புதுக்கோட்டை மாவட்டத்தின் கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகிய மாநிலம் இது. அப்படியிருந்தும் பிரெவே தொடக்கக் கோட்டில் பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே நிற்கிறார்கள் என்றால், காரணம் கால்வலிமை அன்று. வார இறுதி முழுவதையும் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் உரிமை வீட்டில் யாருக்கு இருக்கிறது என்பதும், இரவுச் சாலை யாருக்குப் பாதுகாப்பானது என்பதும்தான்.

நடைமுறையில், 200 பெரும்பாலும் பகலிலேயே முடிந்துவிடும். இரவு ஓட்டங்களுக்கு, உங்கள் வேகத்துக்கு ஒத்துவரும் இரண்டு மூன்று பேரோடு முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு, சேர்ந்தே போவது என்று முடிவு செய்யுங்கள். கழிப்பறைக்குப் பெரிய பெட்ரோல் பங்க்குகளையும் சாலையோர உணவகங்களையும் பாதைத் திட்டத்திலேயே குறித்துவையுங்கள். நடத்தும் கிளப்பிடம் இதையெல்லாம் முன்பே கேளுங்கள். கேட்டவுடன் சலித்துக்கொள்ளும் கிளப் என்றால் வேறு கிளப்பில் பதிவு செய்யலாம்.

முன்னால் போனவர் அடிபட்டுக் கிடக்கிறார். நான் நின்றால் என் நேரம் போய்விடும். என்ன செய்வது?

நில்லுங்கள். விதிப்புத்தகமே உங்கள் பக்கம் இருக்கிறது. இடைப்பட்ட கன்ட்ரோலுக்குத் தாமதமாக வருபவரின் காரணம் அவர் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது என்று நடத்துபவர் கருதினால், தாமதத்தைப் பொறுத்து மேலே செல்ல அனுமதிக்கலாம். அதற்கு எடுத்துக்காட்டாக விதி குறிப்பிடுவது, சாலை விபத்தில் உதவ நின்றதையும் சாலை மூடப்பட்டதையும்தான். களைப்பு, பசி, பயிற்சிக் குறைவு, சைக்கிளைப் பராமரிக்காமல் கொண்டுவந்தது ஆகியவை காரணங்களாக ஏற்கப்படா. தன் குறைக்குத் தானே பொறுப்பு, பிறர் துன்பத்துக்கு நிற்பவருக்கு மட்டும் சலுகை என்று எழுதிவைத்தவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.

முதலில் அந்த இடத்தைப் பாதுகாப்பாக்கிவிட்டு, 108ஐ அழைத்து, கிளப்பின் எண்ணுக்கும் தகவல் சொல்லுங்கள். தலையிலோ கழுத்திலோ அடி என்று தோன்றினால், உடனடி ஆபத்து இருந்தாலொழிய அவரை அசைக்காதீர்கள். நின்ற நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சலுகை கிடைப்பது நடத்துபவரின் தீர்ப்பைப் பொறுத்தது; கிடைக்காமலும் போகலாம். அப்போதும் நின்றது சரிதான்.

பாதியில் விட்டுவிட்டால் குழுவில் என்ன நினைப்பார்கள்?

ஒன்றும் நினைக்க மாட்டார்கள். நீண்ட காலம் ஓட்டுபவர் எவர் பட்டியலிலும் டி.என்.எஃப். (Did Not Finish, அதாவது முடிக்கவில்லை) என்ற மூன்றெழுத்து சில இடங்களில் இருக்கும். வழியில் நிறுத்துவதாக முடிவு செய்தால் கிளப்புக்கு உடனே தெரிவிப்பது மட்டும் கட்டாயம். சொல்லாமல் பேருந்தேறி வீடு போய்த் தூங்குபவருக்காகத் தன்னார்வலர்கள் இரவு இரண்டு மணிக்குச் சாலையில் தேடிக்கொண்டிருப்பார்கள். அதைத்தான் யாரும் மறக்க மாட்டார்கள். நிறுத்தும் முடிவைப் பசியோடு எடுக்காதீர்கள் என்பது அனுபவசாலிகள் தரும் அறிவுரை. ஏதாவது தின்று பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகும் வேண்டாம் என்றே தோன்றினால் வேண்டாம்தான். நெஞ்சுவலி, வியர்வை நின்றுபோதல், தலைசுற்றல் இருந்தால் பத்து நிமிடம்கூட வேண்டாம்.

எஸ்.ஆர். என்று ஜெர்சியில் போட்டுக்கொள்கிறார்களே, அது என்ன பட்டம்?

ஒரே பருவத்தில் 200, 300, 400, 600 நான்கையும் முடித்தவர் சூப்பர் ராண்டோனர். 600க்குப் பதிலாக 1000 முடித்தாலும் அது பெரிய தொலைவு என்பதால் ஈடாகும். இதற்கு மேல் ‘ஃபிளெஷ்’ என்ற குழு ஓட்டமும் உண்டு: மூன்று முதல் ஐந்து சைக்கிள்கள் வரை சேர்ந்து, 24 மணி நேரத்தில் குறைந்தது 360 கி.மீ., எந்த இடத்திலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்காமல். தனி ஆளாக எத்தனை வேகமானவராக இருந்தாலும், கூட வருபவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருக்கத் தெரியாதவர்களுக்கு அது ஒத்துவராது.

பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் போக வேண்டும் என்று ஆசை. நடக்குமா?

நடக்கும், ஆனால் நான்காண்டுக்கு ஒருமுறைதான் வாய்ப்பு. 2019, 2023 ஆகிய ஆண்டுகளுக்கு அடுத்து வருவது 2027. அந்தந்த ஆண்டிலேயே, மேலே சொன்ன நான்கு தொலைவுகளையும் முடித்துத் தகுதி பெற வேண்டும். முந்தைய ஆண்டில் அதிகத் தொலைவுள்ள பிரெவேயை முடித்தவர்களுக்கு முன்பதிவு முதலில் திறக்கப்படுவதால், ஆயத்தம் ஈராண்டு வேலை. பாரிசுக்கு அருகிலுள்ள ராம்புய்யேவில் புறப்பட்டு, அட்லாண்டிக் கரையோரம் உள்ள பிரெஸ்ட் வரை சென்று திரும்ப ஏறக்குறைய 1,200 கி.மீ.; வரம்பு 90 மணி நேரம். வேண்டுமானால் 80, 84 மணி நேர வரம்புகளையும் தேர்ந்தெடுக்கலாம்.

2019இல் இந்தியாவிலிருந்து நூற்றுக்கணக்கானோர் சென்றார்கள்; பெரும்பாலோரால் நேரத்துக்குள் முடிக்க முடியவில்லை. பெரிய மலை எதுவும் அங்கே இல்லை. ஆனால் ஓயாமல் ஏறி இறங்கும் சிறு மேடுகளைக் கூட்டினால் ஏற்றம் 10,000 மீட்டரைத் தாண்டும். ஆகஸ்ட் மாதமாயினும் இரவுகளில் வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். சமதளத்திலும் வெயிலிலும் பழகிய நம் உடலுக்கு இவை இரண்டுமே புதியவை. சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர் ஏற்காடு, கொல்லிமலைப் பக்கம் ஏறிப் பழகுவதோடு, ஊட்டிக் குளிரில் ஓர் இரவாவது ஓட்டிப் பார்ப்பது நல்லது. செலவு பற்றியும் மறைக்க வேண்டியதில்லை: விமானம், விசா, தங்குமிடம், சைக்கிள் பெட்டி எல்லாம் சேர்ந்தால் பலருக்குச் சைக்கிளின் விலையைத் தாண்டிவிடும்.

போய்வந்தவர்கள் நேரத்தைப் பற்றிப் பேசுவதைவிட ஊர்மக்களைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். நள்ளிரவில் வீட்டு வாசலில் மேசை போட்டுக் காப்பியும் தோசை போன்ற கிரெப்பும் இலவசமாகக் கொடுத்துவிட்டு, ஊர் திரும்பியதும் ஓர் அஞ்சலட்டை போடுங்கள் என்று மட்டும் கேட்பவர்கள் அங்கே உண்டு. எல்லோருக்கும் பொதுவான உதவி என்பதால், கார் பற்றிய கேள்வியில் சொன்ன விதி இதைத் தடுக்காது. அந்த ஓட்டத்தின் நினைவாக 1910இல் சக்கர வடிவில் உருவான பாரிஸ்–பிரெஸ்ட் என்னும் பலகாரம் பிரெஞ்சு இனிப்புக் கடைகளில் இன்றும் கிடைக்கிறது. முடித்த பிறகு உண்பது நலம். வழியில் உண்டால் வயிறு கனத்துவிடும்.

ஒருவர் குறுக்கு வழியில் போனதைப் பார்த்தேன். போட்டுக்கொடுக்க வேண்டுமா?

முதலில் அவரிடமே கேளுங்கள். வழி தவறியிருக்கலாம், அப்படியானால் பாதையை விட்டு விலகிய அதே இடத்துக்குத் திரும்பிச் சென்று தொடர வேண்டும் என்ற விதி அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம். தெரிந்தே செய்தவர் என்றால், நடத்துபவரிடம் பார்த்த இடத்தையும் நேரத்தையும் மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். ரகசியக் கன்ட்ரோல் இருப்பதே அதற்காகத்தான், தீர்ப்பும் அவர்களுடையது. வாட்ஸ்அப் குழுவில் பெயரைப் போட்டு விசாரணை நடத்த வேண்டாம். முதலிடமே இல்லாத ஓட்டத்தில் அவர் உங்களிடமிருந்து எதையும் தட்டிப் பறிக்கவில்லை.